திரைக்குப் பக்கத்தில் யார்?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு சிறு நகரம். மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் கிடந்ததால் 1973 வரை அந்த ஊருக்குத் தொலைக்காட்சி அலை எட்டவில்லை. சாலை, பள்ளிக்கூடம், வேலை என்று மற்ற எல்லாம் சுற்றுவட்டார ஊர்களைப் போலவே இருந்தன. டிவி மட்டும் இல்லை. அதுவும் சீக்கிரமே வந்துவிடும் என்று தெரிந்ததும் உளவியலாளர் டானிஸ் மேக்பெத் வில்லியம்ஸ் தன் குழுவோடு அங்கே போய்ச் சேர்ந்தார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து ‘நோடெல்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரே சேனல் வரும் பக்கத்து ஊர் ‘யூனிடெல்’. அமெரிக்கச் சேனல்களும் வரும் இன்னொரு ஊர் ‘மல்டிடெல்’. டிவி வருவதற்கு முன்பு ஒருமுறை, வந்து இரண்டு ஆண்டு கழித்து ஒருமுறை என்று மூன்று ஊர்க் குழந்தைகளையும் சோதித்தார்கள்.

முடிவுகள் 1986இல் புத்தகமாக வந்தன. அன்றாடப் பொருள் ஒன்றைச் சொல்லி, ‘இதை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம்?’ என்று கேட்கும் சோதனையில், டிவி இல்லாத காலத்து நோடெல் குழந்தைகள் மற்ற இரண்டு ஊர்க் குழந்தைகளையும்விட அதிகம் சொன்னார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் சரளமான வாசிப்பு பின்தங்கியது. விளையாட்டுத் திடலில் அடிதடியும் வசவும் கூடின. ஊர்க் கூட்டங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் வருகிற ஆட்கள் குறைந்தார்கள். குழந்தைகளும் ஊடகமும் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வு இது. டிவி குழந்தையைக் கெடுக்கும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆனால் இதற்கு நேர் எதிரான சான்றும் உண்டு. தென் அட்லாண்டிக் பெருங்கடலில் செயின்ட் ஹெலினா என்ற தீவு. நெப்போலியன் சிறையிருந்து இறந்த இடம். சில ஆயிரம் பேர் வாழும் அந்தத் தீவுக்கு அன்று விமான நிலையம் கிடையாது, கப்பல்தான். 1995 மார்ச்சில் செயற்கைக்கோள் வழியாக அங்கே தொலைக்காட்சி வந்தது. டோனி சார்ல்டன் தலைமையிலான பிரிட்டிஷ் ஆய்வுக் குழு அதற்கு முன்பே பள்ளித் திடல்களில் வீடியோ கேமரா வைத்து, சின்னக் குழந்தைகள் விளையாடுவதைப் பதிவு செய்திருந்தது. சில ஆண்டு கழித்து மறுபடி பதிவு செய்து, அடித்தது, தள்ளியது, பகிர்ந்தது, தேற்றியது என்று ஒவ்வொரு செயலையும் எண்ணிப் பார்த்தார்கள். முரட்டுத்தனம் கூடியதற்கான அடையாளம் இல்லை. தீவில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். ஒரு பிள்ளை தெருவில் தவறாக நடந்தால் வீட்டுக்குச் செய்தி பிள்ளைக்கு முன்பே போய்விடும். அந்தக் கண்காணிப்பும் அரவணைப்பும்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கம் சொன்னார்கள்.

இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்து அவசரமாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இடையே இருபது ஆண்டு இருக்கிறது. நிகழ்ச்சிகள் வேறு, அளந்த முறை வேறு, குழந்தைகளின் வயதும் ஒன்றல்ல. இருந்தாலும் ஒன்றைத் துணிந்து சொல்லலாம். பெட்டி ஒன்றுதான், பலன் ஒன்றில்லை. அப்படியானால் ‘எத்தனை மணி நேரம் பார்க்கிறது’ என்ற கேள்வி மட்டும் போதாது. பெற்றோர் கூட்டங்களிலும் மருத்துவப் பத்திகளிலும் நாம் ஓயாமல் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். அதற்கு இணையாகக் கேட்க வேண்டிய இன்னொன்று, திரைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பது.

இதற்கு ஆய்வகத்திலிருந்தே ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா குல் 2003இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளைச் சீன மொழி கேட்க வைத்தார்கள். ஒரு குழுவுக்கு, சீன மொழி பேசுபவர் தரையில் உட்கார்ந்து, புத்தகமும் பொம்மையும் வைத்துக்கொண்டு பேசினார். ஒவ்வொரு முறையும் 25 நிமிடம். மொத்தம் 12 முறை. இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பொம்மை, அதே பேச்சு, ஆனால் திரையில். மூன்றாவது குழுவுக்கு ஒலி மட்டும். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலி வேறுபாட்டைப் பிரித்தறியக் கற்றுவிட்டார்கள். திரையில் பார்த்தவர்களும் ஒலி மட்டும் கேட்டவர்களும் எதையும் கற்கவில்லை. சீன மொழியே கேட்காத குழந்தைகளின் நிலையில்தான் இருந்தார்கள்.

இதைப் படித்ததும் திரைதான் எதிரி என்று தோன்றும். 2014இல் வந்த இன்னொரு ஆய்வு அந்த எண்ணத்தைத் திருத்துகிறது. சாரா ரோஸ்பெர்ரி, கேத்தி ஹிர்ஷ்-பாசெக், ராபர்ட்டா கோலின்காஃப் ஆகியோர் இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்பித்தார்கள். நேரில் கற்பித்தால் கற்றார்கள். முன்கூட்டியே பதிவு செய்த வீடியோவில் கற்பித்தால் கற்கவில்லை. வீடியோ அழைப்பில் கற்பித்தபோதோ, நேரில் கற்ற குழந்தைகளைப் போலவே கற்றார்கள். அதுவும் திரைதான். வித்தியாசம், எதிரில் இருப்பவர் குழந்தை சிரித்தால் சிரிக்கிறார், அது பேசினால் நிறுத்திக் கேட்கிறார், அதன் பெயரைச் சொல்லி அழைக்கிறார். பதில் வருகிறது.

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் அப்பா, இரவு போனில் வந்து ‘இன்னைக்கு என்ன சாப்பிட்டே?’ என்று கேட்பதும், அதே போனில் அடுத்த நிமிடம் ஓடும் கார்ட்டூன் பாட்டும் ஒன்றல்ல என்பது தமிழ் வீடுகளுக்குத் தெரிந்த விஷயம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வேறுபாட்டை ஏற்கிறது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது; உறவினரோடு எப்போதாவது வீடியோ அழைப்பில் பேசுவதற்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது.

இனி தமிழ்நாட்டுக்கு வருவோம். ஊடகக் கருவிகளை அரசே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த அனுபவம் இவ்வளவு பெரிய அளவில் வேறு எங்கும் நடந்திருக்குமா என்பது சந்தேகம். அதனால் நம் பிள்ளைகள் ஊடகத்தோடு வளர்ந்த கதை, கருவி எங்கே வைக்கப்பட்டது என்ற கதையும்கூட.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. எண்பதுகளில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு டிவி என்றால் பஞ்சாயத்து டிவி. பூட்டுப் போட்ட பெட்டி, சாவி ஒருவரிடம். அவர் வந்து திறக்கும்வரை வாசலில் காத்திருக்க வேண்டும். படம் ஆடினால் ஒருவன் மேலே ஏறி ஆன்டெனாவைத் திருப்புவான். கீழே இருந்து இன்னொருவன் ‘தெரியுது, தெரியுது, போச்சு, கொஞ்சம் பழையபடி திருப்பு’ என்று கத்துவான். முன்வரிசையில் தரையில் சிறுவர்கள், ஒரு பக்கம் பெண்கள், பின்னால் நின்றபடி ஆண்கள். வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயிற்றுக்கிழமை மாலை சினிமா. திரையில் நடப்பதைப் பற்றி யாராவது ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார். புரியாத பையன் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பான்; சண்டைக்காட்சியைப் பார்த்துவிட்டு வெளியே கையை ஓங்கினால் யாராவது ஒரு அத்தை அதட்டுவாள். ஒளிபரப்புக்கு ஒரு முடிவு இருந்தது. பெட்டியைப் பூட்டியதும் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

அந்தக் காலத்தை ஏக்கத்தோடு எழுதுவது எளிது, ஆனால் அது முழு உண்மையாகாது. பஞ்சாயத்து டிவி பெரும்பாலும் ஊருக்குள் இருந்தது. சாதியால் பிரிந்து கிடந்த ஊர்களில், காலனிப் பிள்ளைகள் அந்த முன்வரிசையில் உரிமையோடு உட்கார முடிந்ததா என்பதைக் கேட்காமல் பொதுவெளியின் பெருமையைப் பேச எனக்கு மனம் வரவில்லை. வசதியானவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்து, விரட்டப்பட்ட பிள்ளைகள் அந்தத் தலைமுறையில் ஏராளம். 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 14 அங்குலப் பெட்டிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போயின. அதைத் தேர்தல் அன்பளிப்பு என்று மட்டும் பார்த்தவர்கள், ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களின் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. குடிசை வீட்டுக் குழந்தை முதன்முறையாகத் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து, யாரும் விரட்டாமல் பார்த்தது.

வீட்டுக்குள் வந்த டிவி வேறு சிலவற்றையும் செய்தது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் சேகரித்த தரவைக் கொண்டு, கேபிள் இணைப்பு வந்த கிராமங்களில் என்ன மாறியது என்று பார்த்தார்கள். மனைவியை அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற விருப்பம் குறைந்தது. வீட்டு முடிவுகளில் பெண்களின் குரல் கூடியது. சின்னக் குழந்தைகள் பள்ளியில் சேர்வது கூடியதற்கான அறிகுறியும் தெரிந்தது. குழந்தைக்குப் பலன் வந்த வழி கவனிக்கத்தக்கது. குழந்தைகளுக்கான நிகழ்ச்சி எதையோ பார்த்துப் பிள்ளை படிக்கப் போகவில்லை. அம்மாவின் சொல்லுக்கு வீட்டில் மதிப்புக் கூடியதால் போயிருக்கலாம் என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

2011இல் மடிக்கணினி. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் லட்சக்கணக்கானோர் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கணினியைத் தொட்டவர்கள் அவர்களில் மிகப் பலர். அந்தத் தொடுகையின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பொறியியல் கல்லூரியில் முதல் நாள் விசைப்பலகையைப் பார்த்து மிரளாமல் இருந்ததற்கு அதுவே காரணம் என்று சொல்லும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளை எங்கும் பார்க்கலாம். ஆனால் மடிக்கணினி தானாகப் பாடம் நடத்திவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. பெரு நாட்டில் ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற திட்டத்தை 300க்கும் மேற்பட்ட கிராமப்புறப் பள்ளிகளில் முறையாகச் சோதித்தார்கள். கணினிகள் வந்தன, பிள்ளைகள் பயன்படுத்தினார்கள். 15 மாதம் கழித்து, கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி கூடவில்லை. அதை வைத்து எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியருக்குப் போதிய பயிற்சியும் துணையும் தராமல் பிள்ளையின் கையில் கொடுத்தால் கிடைப்பது அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு மிகக் கடுமையான பரிசோதனை கொரோனாக் காலத்தில் நடந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. இடையில் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் பள்ளி என்பது திரைக்குள் இருந்தது. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடம் ஒளிபரப்பியது. இலவச டிவி கொடுத்த மாநிலத்தில் அதைப் பார்க்கப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு போனில் வகுப்பு. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே போன். அதுவும் காலையில் அப்பாவோடு கட்டட வேலைக்குப் போய்விடும். 2021இல் நாடு முழுவதும் கிராமங்களில் பள்ளிக் கல்வி பற்றி எடுத்த ‘அசர்’ கணக்கெடுப்பில், பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது 67.6 சதவீதத்தில், 2018இல் அது 36.5 சதவீதம். மூன்றே ஆண்டில் கிட்டத்தட்ட இருமடங்கு. ஆனால் போன் இருந்த வீடுகளிலும் 26.1 சதவீதப் பிள்ளைகளுக்கு அது கைக்கு எட்டவில்லை.

அபிஜித் சிங், மவுரீசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்து எழுதிய ஆய்வை, கல்வியைப் பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கொரோனாவுக்கு முன்பே 2019இல் அந்தப் பகுதிக் குழந்தைகளின் கற்றல் அளவு அவர்களிடம் இருந்தது. 2021 டிசம்பரில் மறுபடி அளந்தபோது, அதே வயதுப் பிள்ளைகள் கணிதத்தில் பெருமளவு பின்தங்கியிருந்தார்கள்; தமிழில் இழப்பு அதில் ஏறக்குறைய பாதி. பிறகு பள்ளி திறந்த ஆறே மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

அந்தத் திட்டத்தில் என்ன தொழில்நுட்பம் இருந்தது? தன்னார்வலர்களைப் பதிவு செய்யவும் தேர்ந்தெடுக்கவும் இணையதளம் பயன்பட்டது. மற்றபடி அது மனிதர்களால் நடந்த திட்டம். 2021 அக்டோபர் 27இல் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்டு, சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் வரை வளர்ந்தது. பெரும்பாலோர் பெண்கள், ஊரிலேயே படித்துவிட்டு வேலை கிடைக்காமலோ கல்யாணமாகிக் குழந்தையோடோ இருந்தவர்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. 20 பிள்ளைகளுக்கு ஒருவர். மாலையில் கோயில் மண்டபம், வீட்டுத் திண்ணை, அங்கன்வாடி என்று கிடைத்த இடத்தில் ஒன்று ஒன்றரை மணி நேரம். ஒன்றரை ஆண்டு ஓடிய திரையால் காப்பாற்ற முடியாததை, தெருக்கோடி அக்கா ஆறு மாதத்தில் பெருமளவு மீட்க உதவினாள். பங்கேற்ற பிள்ளைகளில் ஏழை வீட்டுப் பிள்ளைகளே அதிகம் என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது.

ஊக்கத்தொகையை மட்டும் கணக்கிட்டால் இது ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 600 ரூபாய். கருவி வாங்கும் திட்டங்களுக்குக் கிடைக்கும் விளம்பரமும் பணமும் இப்படிப்பட்ட திட்டங்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. பெட்டியைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுக்கலாம். திண்ணையில் ஒரு பெண் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதில் அந்தக் கவர்ச்சி இல்லை. எனக்கு இதில் உள்ளபடியே கோபம் உண்டு.

இந்த வாதத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. ‘பக்கத்தில் ஆள் வேண்டும்’ என்று சொன்னதும் சமூகத்தின் விரல் உடனே அம்மாவை நோக்கி நீளும். பஞ்சாலையிலோ கார்மென்ட் கம்பெனியிலோ ஷிஃப்ட் முடித்து வந்து, சமைத்துக்கொண்டே குழந்தைக்கு போனைக் கொடுக்கிறவளுக்கு அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். அந்த அரை மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒருவரும் வர மாட்டார்கள். அப்பா எங்கே என்று கேட்பவரும் குறைவு. செயின்ட் ஹெலினாவில் குழந்தையைக் காத்தது தனியொரு தாயின் விழிப்பு அல்ல, ஒரு ஊரின் விழிப்பு.

இன்னோர் ஆபத்தும் உண்டு. துணையாக இருப்பதும் காவல் காப்பதும் வேறு வேறு. 2024 அசர் கணக்கெடுப்பில், ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதினரில் சொந்தமாக அதை வைத்திருப்போர் பையன்களில் 36.2 சதவீதம், பெண்களில் 26.9 சதவீதம். பல வீடுகளில் பெண்பிள்ளையின் போனை அண்ணன் வாங்கிப் பார்ப்பதும், ஒரு குறுஞ்செய்தியைக் காரணம் காட்டிப் படிப்பையே நிறுத்துவதும் நடக்கிறது. அதைப் பாதுகாப்பு என்று சொல்கிறார்கள். நான் பேசும் துணை அதுவல்ல. பிள்ளை எதையாவது பார்த்துப் பயந்தால், யாராவது மிரட்டினால், திட்டு விழும் என்று அஞ்சாமல் வந்து சொல்லக்கூடிய ஒருவர் வீட்டிலோ பள்ளியிலோ இருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி. போனைப் பறித்த அண்ணனிடம் அந்தப் பெண் அடுத்த முறை எதையும் சொல்ல மாட்டாள்.

இன்றைய போனில் பழைய டிவியில் இல்லாத இரண்டு குணங்கள் இருக்கின்றன. ஒன்று, முடிவு கிடையாது. ஒரு வீடியோ முடியும் முன்பே அடுத்தது வந்து நிற்கிறது. பார்ப்பவர் எதில் ஒரு வினாடி கூடுதலாக நின்றார் என்று கணக்கிட்டு, அதைப் போன்றதையே மேலும் கொடுக்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். பெரியவர்களாலேயே எழுந்து போக முடியாதபடி வடிவமைத்த ஒன்றிலிருந்து ஆறு வயதுக் குழந்தை தானாக எழுந்து வராததை அடம் என்று சொல்வது நியாயமில்லை. இரண்டு, அது ஒருவருக்கானது. உள்ளங்கை அளவுத் திரையை இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பது சிரமம். காதில் ஹெட்போனும் மாட்டிவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன ஓடுகிறது என்றே தெரியாது. அதே 2024 கணக்கெடுப்பில், போனைப் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதினரில் முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 76 சதவீதம்.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் 16 வயதுக்குட்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பொறுப்பை நிறுவனங்களின் தலையில் வைத்தது. இந்தியாவில் 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் காட்டுவதைத் தடுக்கிறது. பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. விளம்பரத் தடையை முழு மனதோடு வரவேற்கிறேன். ஒப்புதல் விஷயத்தில் நம் நாட்டு நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். அம்மாவின் போனில் கணக்குத் தொடங்கி, கடவுச்சொல் போட்டு, வாட்ஸ்அப் ஏற்றிக் கொடுத்ததே எட்டாம் வகுப்புப் பிள்ளைதான் என்ற வீடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அங்கே ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்தப்போவது யார் விரல்?

அதனால் சட்டத்தோடு நிற்காமல் ஊர் மட்டத்தில் செய்யக்கூடியதைத் தேடுவது நல்லது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. அப்போது குழுவுக்கு 20 பேர், பெரும்பான்மை பெற்றோர். தலைவராக இருப்பது ஒரு தாய். கழிப்பறை, குடிநீர், காம்பவுண்டுச் சுவர் என்று அந்தக் கூட்டங்களில் பேச ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அந்தப் பட்டியலில் பிள்ளைகளின் மாலை நேரத்தையும் சேர்க்கலாம். பள்ளி விட்டதிலிருந்து அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வரும்வரை இந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள் போனோடு தனியாக இருக்கிறார்கள், அவர்கள் வந்து உட்கார எந்தத் திண்ணை திறந்திருக்கும், அங்கே எந்தெந்த நாள் யார் இருப்பார், அவருக்கு யார் என்ன கொடுப்பது, பையன்களைப் போலவே பெண்பிள்ளைகளும் அங்கே வர முடியுமா, காலனிப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஒரே திண்ணையில்தான் உட்காருவார்களா என்று கேட்டுப் பெயர் பெயராக எழுதிக்கொள்ளலாம்.